எழுத்து, இயக்கம்: ராஜவேல்

ராஜவேல் ஐம்பத்தேழு வயது வரை யாருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதில்லை. அனுப்பிய ஒரே நோட்டீசும் மயூர் விஹார் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்து அவர் தலையிலேயே விழுந்தது. இப்போது அந்தக் கதையை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். யாராவது பாதியில் எழுந்து போனால் பின்னாலேயே போய் மீதியையும் சொல்லி முடிக்கிறார்.

அவர் மத்திய அரசின் ஒரு அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். அம்பாசமுத்திரத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் தேர்வு எழுதி டெல்லிக்கு வந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்சில் பல வருடங்கள். அதை இடித்தபிறகு லக்ஷ்மிபாய் நகர். பகலில் கோப்பு, மாலையில் நாடகம். ‘யமுனைக் கலைக்குழு’ என்று ஒரு குழு வைத்திருந்தார். அதில் நடித்தவர்கள் எல்லாருமே அரசாங்க ஊழியர்கள், அவர்களுடைய மனைவிமார், விமானப்படையில் இருந்த ஒருவர். ஒத்திகை தொடங்கும்போது இருந்த ஆட்கள் மேடையேறும்போது இருக்கமாட்டார்கள். யாருக்காவது மாற்றல் வந்துவிடும். கதாநாயகி நாக்பூருக்குப் போனால் கதாநாயகனின் அத்தையாக நடிப்பவளைக் கதாநாயகியாக்கி, அத்தை பாத்திரத்தை ஒரு கடிதமாக மாற்றிவிடுவார் ராஜவேல். இதற்கு இயக்கம் என்று பெயர்.

அந்தக் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு நாடகம். ‘டெல்லி ட்ரங்க் கால்’. இரண்டாயிரத்து நான்கில் தொடங்கி பதினோரு தடவை மேடையேறியது. குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே ஒரே ஒரு வீட்டில் தொலைபேசி இருந்த காலத்துக் கதை. வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் அழைப்பு அங்கேதான் வரும். அந்த வீட்டுக்காரி மரகதம் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு விடுவாள். ஊரார் கடன், காதல், சாவு, பெண் பார்க்கும் படலம் எல்லாம் அவள் காதுக்கு வந்துதான் வெளியே போகும். சிரித்து வயிறு வலிக்கும் நாடகம். நோட்டீசில் எப்போதும் ‘எழுத்து, இயக்கம்: ராஜவேல்’ என்று இருக்கும்.

இயக்கம் உண்மை. எழுத்து மட்டும் கொஞ்சம் இடறும்.

கரோல் பாகில் வீடு காலி செய்த ஒரு தமிழ்க் குடும்பம், பழைய புத்தகங்களைக் கட்டாகக் கட்டி, பழைய பேப்பர் வாங்குகிற கபாடிவாலாவுக்குப் போட்டிருந்தது. அந்த வழியே போன ராஜவேல் வண்டியில் தமிழ் எழுத்தைப் பார்த்து நின்று கட்டைப் பிரித்தார். சமையல் குறிப்பு, ஜோசியம், அதற்கு அடியில் ஒரு நாடகப் புத்தகம். அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கமும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் தொலைபேசி அடிக்கிறது, மரகதம் ஓடி வருகிறாள். நின்ற இடத்திலேயே பதினைந்து பக்கம் படித்துவிட்டார். எழுதியவர் யார், தலைப்பு என்ன, ஒன்றும் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவர் பெரிதாகச் சிரமப்படவில்லை. இரண்டு பேரிடம் கேட்டார். இரண்டு பேரும் நாடகமே பார்க்காதவர்கள். எழுதியவர் காலமாகி இருப்பார் என்று அவராகவே முடிவுசெய்து, மனதுக்குள் ஒரு நிமிடம் மௌனமும் அனுசரித்தார்.

முதல் நோட்டீசுக்கு அவர் எழுதிக் கொடுத்தது ‘இயக்கம்: ராஜவேல்’ மட்டும்தான். இதை அவர் சத்தியம் செய்து சொல்வார். அச்சகத்தில் வழக்கமாகப் போடும் வரியைப் போட்டு ‘எழுத்து, இயக்கம்’ என்று அடித்துவிட்டார்கள். நோட்டீசைப் பார்த்ததும் திருத்தச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் இருந்தவர், “எழுத்தும் நீங்களா சார்? பெரிய ஆளுதான்” என்றார். வாய் மூடிக்கொண்டது. பிறகு பதினெட்டு வருடம் திறக்கவில்லை. நடுவில் ஒரு அமைப்பு அவருக்கு ‘நாடகச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தியபோதும் திறக்கவில்லை. எழுதும் உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். “மக்கள்கிட்டேருந்துதான்” என்றார். கபாடிவாலாவும் மக்களில் ஒருவர்தானே என்று பின்னால் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இப்படி இருக்கையில், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் வந்தது. மயூர் விஹாரில் ‘ஏழாம் மணி’ என்ற இளைஞர் குழு ஒரு நாடகம் போடுகிறதாம். பெயர் ‘இணைப்பு கிடைத்தது’. இயக்கம் சுபாஷிணி. கீழே கதைச்சுருக்கம்: ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே ஒரு தொலைபேசி, அந்த வீட்டில் மரகதம் என்றொரு பெண்.

ராஜவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். காது சூடாகிவிட்டது. அடுப்படியில் இருந்த மனைவி இளவரசியிடம் போனைக் கொண்டுபோய் நீட்டினார்.

“பாரு. என் நாடகத்தைத் திருடிட்டாங்க. தலைப்பை மட்டும் மாத்தியிருக்காங்க. திருட்டு ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட் மாத்துத மாதிரி.”

இளவரசி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “உங்க நாடகமா?”

“பின்ன?”

“அட்டை இல்லாத புஸ்தகத்துலேருந்துல்லா எடுத்தீங்க.”

“எடுத்தது என்னமோ எடுத்ததுதான். அதுக்குப் பொறவு நான் எவ்வளவு மாத்தியிருக்கேன் தெரியுமா? கோயம்புத்தூர் மில் குவார்ட்டர்ஸை சரோஜினி நகரா ஆக்கினது யாரு? நடுவுல அந்தக் காய்கறி விக்கிற சப்ஜிவாலா காமெடி யாரு எழுதினது?”

“அந்த சப்ஜிவாலா நல்லாவே இருக்காது” என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பினாள்.

மறுநாளே ராஜவேல் ஜலஜாவிடம் போனார். ஜலஜா அவருடைய அலுவலக நண்பர் வெங்கடேஸ்வரனின் மகள். ஜங்புராவில் அலுவலகம் வைத்து, பதிப்புரிமை வழக்குகள் பார்க்கிற வக்கீல். சிறுமியாக இருந்தபோதிலிருந்து அவருக்குத் தெரியும். பையில் இருந்து பதினோரு நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, பட்டம் வாங்கிய போட்டோ எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் பரப்பினார்.

ஜலஜா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இது உங்க சொந்த எழுத்துதானே அங்கிள்?”

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் அவரை நம்பிக் கேட்டாள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லையாம். அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“போட்டிருக்கே, எழுத்து, இயக்கம்னு” என்றார்.

“கையெழுத்துப் பிரதி ஏதாவது வெச்சிருக்கேளா? நாளைக்கு அவா கேட்டா காட்டணும்.”

“இருக்கு. மேல லாஃப்ட்ல எங்கேயோ கெடக்கு.”

“தேடி எடுத்து வையுங்கோ. நோட்டீசை நான் இன்னைக்கே அனுப்பிடறேன்.”

லாஃப்டில் ஒரு பழைய கூலரும் குளிருக்குப் போர்த்தும் இரண்டு ரஜாய்களும்தான் கிடந்தன.

அந்த வாரம் சனி, ஞாயிறு, திங்கள் ஏதோ பண்டிகை. மூன்று நாளும் ராஜவேல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு நீள நோட்டு வாங்கி, அட்டையில்லாத புத்தகத்தைப் பார்த்துத் தன் கையால் நாடகத்தை எழுதினார். அங்கங்கே அடித்துத் திருத்தினால் இயற்கையாக இருக்கும் என்று நல்ல வசனங்களை முதலில் மட்டமாக எழுதி, பிறகு அடித்து, மேலே சரியாக எழுதினார். மட்டமாக எழுதுவது சுலபமாக வந்தது. சரியாக எழுதப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. காலமெல்லாம் நகல் எடுக்கும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கே மூன்று நாளில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மூன்றாவது நாள் மதியம் மூன்றாம் அங்கத்துக்கு வந்தார். அந்தப் பக்கங்களை அவர் திறந்தே பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. முதல் தடவை நாடகம் போட்டபோது மரகதமாக நடிக்க இருந்த செல்வியின் கணவருக்கு, மேடையேறப் பதினைந்து நாள் இருக்கையில் குவாஹாட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்த பெண்ணுக்கு அத்தனை வசனம் மனப்பாடம் ஆகவில்லை. எனவே ராஜவேல் மூன்றாம் அங்கத்தையே எடுத்துவிட்டு, கரண்ட் போவது போலவும், இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுவது போலவும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவது போலவும் முடித்தார். கைதட்டு விழுந்தது. அதையே நிரந்தரமாக்கிவிட்டார். யாராவது கேட்டால், “மூணாவது அங்கம் ஒரே இழுவை” என்பார்.

இப்போது ஒவ்வொரு வரியாக எழுத வேண்டியிருந்ததால் ஒவ்வொரு வரியாகப் படிக்கவும் வேண்டியிருந்தது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் தொலைபேசி வந்துவிடுகிறது. மரகதத்தின் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஒரு மத்தியானம் அவள் முதல் தடவையாகத் தனக்காக ரிசீவரை எடுக்கிறாள். எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒரு பெண் குரல், எந்த ஊர் எந்த எண் என்று கேட்கிறது. மரகதத்துக்குச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. இத்தனை வருடம் எல்லாருக்கும் இணைப்பு வாங்கிக் கொடுத்தவளுக்குக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. எனக்கு எந்த ஊரும் வேண்டாம், நீங்கள் கொஞ்சம் லைனில் இருங்கள் என்கிறாள். அந்தப் பெண் இருக்கிறாள். இரண்டு பேரும் மெல்லப் பேசத் தொடங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆறு பக்கம்.

ராஜவேலின் பேனா நின்றது. அந்த ஆறு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதியிருந்தது. ‘இழுவை’. ‘தவிர்க்கலாம்’. ‘இங்கே சிரிப்பு வராது’. தன் கையெழுத்தைப் பார்த்து அவருக்கே கோபம் வந்தது. யார் இந்த மடையன் என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளூர என்னவோ சரியில்லை என்று தெரிந்தும், எழுதுவதை விட்டுவிடவில்லை. கோப்பு நகர்ந்துவிட்டால் நகர்ந்ததுதான் என்கிற முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

நோட்டு புதுசாகப் பளபளத்ததால் டீ டிகாஷனில் தொட்டு எடுத்தால் பழசாகத் தெரியும் என்று யோசனை வந்தது. தொட்டு எடுத்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிழித்து பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். துணி எடுக்க வந்த இளவரசி அந்தக் கோலத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“என்னதுங்க இது?”

“கையெழுத்துப் பிரதி.”

“அப்பளம் மாதிரி இருக்கு” என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதாவது கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதைத் தைத்து நூல் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பியதும் ஜலஜாவின் அழைப்பு வந்ததும் ஒரே நாள். “வாங்கோ அங்கிள், பதில் வந்திருக்கு” என்றாள். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

பதில் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. சுபாஷிணியின் குழு அந்த நாடகத்தை அதன் ஆசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றே நடத்துகிறது. ஆசிரியர் பெயர் அம்சவேணி, சிங்காநல்லூர், கோயம்புத்தூர். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எழுபத்தாறு. அனுமதிக் கடிதமும், புத்தகத்தின் முதல் பக்கங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ராஜவேல் தன் வாழ்நாளில் பார்த்திராத எட்டுப் பக்கங்கள். கடைசியில் ஒரு வரி: தங்கள் கட்சிக்காரர் இத்தனை வருடம் யாரிடம் அனுமதி வாங்கி நடத்தினார் என்பதை ஆசிரியர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

“புஸ்தகம் வந்தது எண்பத்தொண்ணுல” என்றாள் ஜலஜா. “அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“பதினஞ்சு.”

“பத்தாம் கிளாஸ்ல எழுதினேளா?”

ராஜவேல் பையை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். அவள் கண் மேசைமேல் இருந்த பைக்குப் போயிற்று. “அது என்ன?” என்று கேட்டபடி நோட்டை எடுத்துப் பிரித்தாள். இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“ஏலக்காய் வாசனை வரது அங்கிள்.”

வீட்டில் டீ என்றால் இளவரசி ஏலக்காய் தட்டிப் போடாமல் இருக்கமாட்டாள். மோசடி செய்வதற்கு முன் வெறும் டிகாஷன் போடச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. ஆனால் ஜலஜா சிரிக்கவில்லை.

“நோட்டீஸ்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றாள். “உங்களைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகமும் வரலை. ஒரு தடவை கேட்டேன், நீங்க சொன்னேள், போட்டுட்டேன்.”

அதுதான் அவரைக் குத்தியது. திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். “தப்புதாம்மா” என்றார். தன் குரல் தனக்கே சின்னப் பையன் குரல் போலக் கேட்டது.

அவள் நோட்டை மூடி வைத்தாள். அமெச்சூர் குழு, காசு வாங்காமல் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினால் சட்டமே அதற்குக் கொஞ்சம் இடம் விடுகிறது என்றாள். ஆனால் நன்கொடைச் சீட்டு என்று டோனர் பாஸ் போட்டு நுழைவுக்குக் காசு வாங்கினால் அந்த இடமும் போய்விடும். “அதெல்லாம்கூடப் பேசித் தீர்க்கலாம். பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுண்டேளே, அதுக்கு எந்தப் பிரிவிலயும் இடம் இல்லை. நோட்டீசை நான் வாபஸ் வாங்கிடறேன். மன்னிப்பு நீங்கதான் கேக்கணும். அந்த அம்மா ஒத்திகை பாக்க அடுத்த வாரம் டெல்லி வரா. நேர்ல போங்கோ.”

போவதற்கு முன் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பார்த்தார். ‘மேற்காணும் பொருள் குறித்து’ என்று ஆரம்பித்தது. இரண்டாம் பத்தியில் ‘கவனக்குறைவால் நேர்ந்த பெயர் மாற்றம்’ என்று வந்தது. இளவரசியிடம் படித்துக் காட்டினார். “யாரு தப்பு செஞ்சான்னே இதுல தெரியலியே. சர்க்குலர் மாதிரி இருக்கு” என்றாள். கிழித்துவிட்டு, அட்டையில்லாத புத்தகத்தை மட்டும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் பிங்க் லைன் மெட்ரோ ஏறினார்.

மயூர் விஹாரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒத்திகை. வாசலிலேயே சுபாஷிணி வந்து அழைத்தாள். ஐடி கம்பெனியில் வேலை, முப்பதைத் தாண்டியவள், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கையில் இருந்த ஸ்கிரிப்டில் தமிழ் வசனம் முழுக்க இந்தி எழுத்தில் இருந்தது.

“அங்கிள், ஆக்சுவலி உங்க நாடகத்தைப் பார்த்துதான் எனக்கு இந்த ஐடியாவே வந்துது” என்றாள். “ஸ்கூல்ல செவன்த் படிக்கும்போது பார்த்தேன். லாஸ்ட்ல எல்லாரும் பாட்டுப் பாடுவாங்க இல்ல? மரகதம் எங்க போனாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. மத்லப், ஐ மீன், அவங்க கதைதானே இது? அப்புறம் சென்னைல ஒரு பழைய லைப்ரரில இந்த புக் கிடைச்சுது. உங்க நாடகம் இதோட ஒரு வெர்ஷன்னு நினைச்சேன். உங்க பேரு ரைட்டர்னு இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. செம்மலுக்குத் தெரியவில்லை.

அம்சவேணி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பருத்திப் புடவை, மேலே யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டர். ராஜவேல் கும்பிட்டார். வீட்டிலிருந்து தயார் செய்து வந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “நான்தாம்மா ராஜவேல்” என்றார்.

“வாங்க. நீங்கதானுங்களா என்ர நாடகத்தை எழுதினது?” என்றார் அந்த அம்மாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ராஜவேல் கவரிலிருந்து புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அம்சவேணி அதை வாங்கி, அட்டை இல்லாத முதுகைத் தடவிப் பார்த்தார்.

“ஐநூறு பிரதி போட்டாங்க. முந்நூத்திச் சொச்சம் எங்கூட்டுலயே கிடந்து கரையான் தின்னுது. ஒண்ணு டெல்லிக்கு வந்திருக்குதா?” குரலில் லேசாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது போலிருந்தது. ராஜவேலுக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டார். மூன்றாம் அங்கத்துக்கு வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இழுவை” என்று படித்தார். அடுத்த பக்கம். “தவிர்க்கலாம்.” அடுத்தது. “இங்கே சிரிப்பு வராது.” நிமிர்ந்து பார்த்தார். “இது உங்க எழுத்துங்களா?”

“ஆமாம்மா” என்றார் ராஜவேல். “அது மட்டுந்தான் என் எழுத்து.”

சுபாஷிணி சட்டென்று திரும்பி ஸ்கிரிப்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அம்சவேணிக்கும் உதடு கொஞ்சம் கோணியது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கே கிடைத்தது, ஏன் பெயரைத் தேடவில்லை, எத்தனை தடவை போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராஜவேல் கபாடிவாலா முதல் ஏலக்காய் வரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லத் தான் ஒரு கோமாளியாகவே அவருக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய தெம்பில், கேட்கக்கூடாததையும் கேட்டுவிட்டார்.

“இனிமே உங்க பேரைப் பெருசாப் போட்டு நடத்துதோம்மா. அனுமதி கொடுத்தா…”

“வேண்டாமுங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டரிடம் இறங்கும் இடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“பதினோரு தடவை போட்டிருக்கீங்க. ஒருக்கா கூட அந்தப் பொண்ணை டெலிபோன்ல பேச விடலீங்க. ராத்திரி பகல்னு முப்பத்திரண்டு வருசம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனுங்க. மத்தவங்க பேசறதுக்கு லைன் குடுக்கறதுதான் வேலை. நாம பேசக்கூடாது. அதுக்காகத்தான் அந்த ஆறு பக்கத்தையே எழுதினது. மத்ததெல்லாம் ஆளுங்களை உக்கார வெக்கிறதுக்கு எழுதினதுங்க.”

ராஜவேல் தலையை ஆட்டினார். பதினெட்டு வருடமாக அவர் போட்டுக்கொண்டிருந்தது, ஜனங்களை உட்கார வைப்பதற்காக எழுதிய பகுதியை மட்டும். உட்கார வைத்துவிட்டு, கரண்டை நிறுத்தி, சாப்பிட அனுப்பியிருக்கிறார்.

அவர் கிளம்ப எழுந்தபோதுதான் சுபாஷிணி தயங்கித் தயங்கி வந்தாள். லைன்மேனாக நடிக்கிற பையனைக் கம்பெனியில் புனேவுக்கு அனுப்பிவிட்டார்களாம். மூன்றாம் அங்கத்தில் தொலைபேசி இணைப்பைச் சரிபார்க்க வருகிற ஆள். நாலே வசனம். “அங்கிள், யூ மைட் ஃபீல் பேட். ஆனா வேற யாரும் இல்ல.”

ராஜவேல் அம்சவேணியைப் பார்த்தார்.

“நாலு வசனம்னா நாலுதானுங்க” என்றார் அவர். “அஞ்சாவது பேசப்படாது.”

ஒத்திகைக்கு மூன்று வாரம் போனார். முதல் நாளே, தொலைபேசியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “அச்சா” என்றார். “அங்கிள், ஸ்கிரிப்ட்ல அச்சா இல்ல” என்றாள் சுபாஷிணி. மறுநாள் வெளியே போகும்போது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார். அதற்கு முன்பெல்லாம் கைதட்டு வாங்கித் தந்த வித்தை. “அது வேண்டாம்.” மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாமல் வந்து, நாலு வசனம் பேசி, போனார். “இது சரி” என்றாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது இத்தனை கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் சுலபமாகத்தான் இருந்தது.

நாடகத்துக்கு முந்தைய வாரம், தான் இருந்த பதினான்கு வாட்ஸப் குழுக்களுக்கும் ஒரு செய்தி எழுதினார். இந்தத் தடவை சர்க்குலர் மாதிரி எழுதவில்லை. ‘டெல்லி ட்ரங்க் கால் நான் எழுதியது இல்லை. எழுதியவர் அம்சவேணி. அவர் பெயரை நான் மறைத்தேன். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.’ அனுப்பிவிட்டு, ஊரே திரண்டு காறித் துப்பப்போகிறது என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் எடுத்துப் பார்த்தால் முப்பத்தோரு கட்டைவிரல், பதினேழு பூங்கொத்து, ஒரு ‘மேலும் வளர வாழ்த்துகள்’. சால்வை போர்த்திய அமைப்பின் செயலாளர் ‘மிக அருமை’ என்று போட்டிருந்தார். யாரும் படிக்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும், முன்பு அவர் குழுவில் இருந்த விமானப்படைக்காரர் வேணு, போன் செய்தார்.

“அண்ணே, அப்ப அந்தக் கரண்ட் போற சீனு யாரு எழுதினது?”

“அது நான்தான்.”

“அதான பாத்தேன்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாடகம். அரங்கு முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முன்வரிசையில், ஊரிலிருந்து மறுபடி வந்திருந்த அம்சவேணி, நான்காம் வரிசையில் இளவரசியும் ஜலஜாவும். ஜலஜா வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு அங்கத்துக்கும் ஜனங்கள் சிரித்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு சிரிப்பார்கள் என்று அவருக்கு மனப்பாடம். சப்ஜிவாலா இல்லாமலேயே அதிகம் சிரித்தார்கள்.

மூன்றாம் அங்கத்தில் காக்கிச் சட்டையோடு உள்ளே போய், நாலு வசனமும் பேசி, வெளியே வந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார். மரகதம் ரிசீவரை எடுத்தாள். எக்ஸ்சேஞ்ச் குரலைச் சுபாஷிணியே பேசினாள். அந்த இந்தி வாடை அடிக்கும் தமிழ் எங்கேயோ தூரத்தில் இருக்கும் ஒருத்தியின் குரலுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. நீங்கள் கொஞ்சம் லைனில் இருங்கள் என்றாள் மரகதம். அரங்கில் இருமல்கூட இல்லை. டெல்லித் தமிழர்கள் கடைசிக் காட்சியில் எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்து ராஜவேல் பார்த்ததே இல்லை. தனக்கு வருவது எழுத்தின் மேல் உள்ள மதிப்பா, தன்மேல் உள்ள ஆத்திரமா என்று யோசித்தார். பிறகு யோசனையை விட்டுவிட்டு நாடகத்தைப் பார்த்தார்.

முடிந்ததும் மேடையில் அம்சவேணிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். ராஜவேலைத் தேடி ஒரு பெரியவர் உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க நாடகத்தை நாலு தடவை பாத்திருக்கேன் சார். இன்னிக்கித்தான் முழுசா இருந்தது. கடைசில புதுசாச் சேத்திருக்கீங்களே, அது பிரமாதம்.”

“அது புதுசு இல்ல சார், பழசு. என்னதும் இல்ல, அந்த அம்மாது” என்று விளக்கத் தொடங்கினார். பெரியவர் பாதியிலேயே “உங்க தன்னடக்கம் இருக்கே” என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. நிஜாமுதீன் தாண்டியதும் இளவரசி அவர் பக்கம் திரும்பினாள்.

“நாலு வசனமும் நல்லாத்தான் பேசுனீங்க” என்றாள்.

“மூணாவதுல கொஞ்சம் இழுத்துட்டேன்.”

“ஆமா, இழுத்தீங்க.”

லாஜ்பத் நகரில் கூட்டம் பை பையாக ஏறியது. குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு ராஜவேல் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவிக்கு முன்னால் நின்றார்.

“உங்க குழுவுல அடுத்து என்ன நாடகம் போடப்போறீங்க?” என்று இளவரசி அண்ணாந்து கேட்டாள்.

“தெரியல. மதுரைல ஒருத்தர் எழுதியிருக்காராம், நல்லாருக்காம். நாளைக்கு அவர் நம்பரைத் தேடணும்.”

“உயிரோட இருக்காரான்னு மொதல்ல விசாரிங்க” என்றாள் அவள். சவுத் எக்ஸ்டென்ஷன் வந்துவிட்டது, அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.